பாதி மாத்திரை

1958 மார்ச் 14, வெள்ளி

பிள்ளைச்சாவடி அஞ்சலையின் மூத்த பையன் முந்தாநாள் போய்விட்டான். ஒன்பது வயது. ஆறு மாதமாக அவனுக்குக் காசநோய் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

இன்று மருந்து ஆராய்ச்சி நடத்தும் இரண்டு டாக்டர்களும் என்னோடு அந்த வீட்டுக்கு வந்தார்கள். பிரெஞ்சு ஆட்சி போய் ஊர் இந்தியாவோடு சேர்வதற்கு முன்பென்றால் இந்தப் பிரெஞ்சுக்காரரும் மதராஸ்காரரும் ஒரே ஜீப்பில் ஏறியிருக்க மாட்டார்கள். இப்போது ஆராய்ச்சியில் எல்லாமே சரிபாதி. பையனிடம் எடுத்த சளிகூடப் பாதி பாரிசுக்கு, பாதி மதராசுக்கு. நோய் ஏன் மருந்துக்குக் கேட்கவில்லை என்பதுதான் இருவருக்கும் புரியவில்லை.

அஞ்சலையே சொன்னாள்: "சின்னவனும் இருமிக்கினே இருந்தான் நர்சம்மா. அதான் மாத்திரைய உடைச்சி ஆளுக்குப் பாதி குடுத்தேன். ஒருத்தனுக்கு மட்டும் குடுத்துட்டு இன்னொருத்தன் மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

எதற்கெடுத்தாலும் மோதும் டாக்டர்கள் திரும்பும்போது சண்டை போடவில்லை. "அந்த வீட்ட மருந்து நோட்டுலேருந்து எடுத்துடும்மா," என்றார் மதராஸ்காரர். பிரெஞ்சுக்காரரும் தலையாட்டினார். நான் கோடு போட்டேன். இனி அங்கே மாத்திரை போகாது.

சின்னவன் இருமியதைத் தை மாதமே நான் கேட்டேன். அவன் பெயர் நோட்டில் இல்லை. கேட்காதவள் மாதிரி வந்துவிட்டேன்.

அங்கிருந்து கிளம்பும்போது அஞ்சலை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"இனிமே சின்னவனுக்கு முழுசாவே குடுக்கலாம் இல்ல, நர்சம்மா?"