ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
3.3.1993

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

பிள்ளையார் அருளால் நானும் அப்பாவும் நலம். டொரோண்டோவில் குளிர் குறைந்ததா? உன் தங்கை வதனியின் நலத்தை இந்த வரியில் சேர்க்கவில்லை என்பதை உடனே கவனித்திருப்பாய். படிப்புக்காரி அல்லவா!

போட்டிகளில் விளையாடும் பிள்ளைகளின் மனநலம் பற்றிய உன் மேற்படிப்புக்காக வதனிக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினாயே, அதை அவள் குப்பையில் போட்டுவிட்டாள். நான்தான் எடுத்து, தேநீர்க் கறையைத் துடைத்து, அவள் பெயரில் நிரப்பி அனுப்பினேன். பெற்றவளுக்குத் தெரியாததா என்ற திமிர். சாப்பாட்டைத் தவிர்ப்பதுண்டா என்பது ஏழாவது கேள்வி. இல்லை, விரதம் மட்டும் என்று எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோடு விரதம் பிடித்தாள். பதினைந்து வயதில் இவ்வளவு பக்தியா என்று தண்ணீர்மலைக் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பிறகு வெள்ளி, செவ்வாய், கார்த்திகை. இப்போது பஞ்சாங்கத்தில் இல்லாத நாளுக்கும் விரதம். மூன்று மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. விரதத்தில் தீட்டுப் படாமல் முருகன் காக்கிறார் என்று மகிழ்ந்தேன், மடைச்சி.

அவளுடைய ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்க்கிறாராம். ஏப்ரலில் மாநிலக் குழுவுக்குத் தேர்வு. அதற்குள் இன்னும் இரண்டு கிலோ குறைய வேண்டுமாம். எங்கிருந்து குறையும்? இந்த வெயிலில் நீ விட்டுப்போன கம்பளிச் சட்டையோடு திரிகிறாள். குளியலறையில் தினமும் ஒரு கைப்பிடி முடி அள்ளுகிறேன்.

நேற்று மாலை பக்கத்து வீட்டு நூர்ஜான் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். வதனி தான் விரதம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். நூர்ஜான் போகாமல் நின்று, "நாங்களும்தான் நோன்பு வெக்கிறோம் அக்கா. பாங்கு சொன்னதும் தொறந்துருவோம்லா. இந்தப் புள்ள எப்பத்தான் தொறக்கும்?" என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

பாத்திரம் கழுவும்போது கை நின்றுவிட்டது. சஷ்டி முடிந்து ஏழாம் நாள் விரதம் முடிக்கிற பாரணைச் சோற்றை அவளுக்கு நான்தான் பரிமாறினேன். இலையில் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைத்ததை நான் பார்க்கவில்லை.

இன்று காலை படியில் சுவரைப் பிடித்து நின்றவள், என்னைக் கண்டதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன், உன் கடைசி ஸ்கேட்டிங் போட்டிப் படத்தில். பத்தொன்பது வயதில் நீ பனித்தரையில் மயங்கி விழுந்து ஸ்கேட்டிங்கை விட்டபோது, காய்ச்சல்தான், இப்போது சுகம் என்று அங்கே உன்னை வீட்டில் வைத்திருந்த மாமி எழுதினார். பதக்கம் போயிற்றே என்றுதான் உனக்கு எழுதினேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

இரண்டு முறை டெலிபோன் செய்தேன், நீ எடுக்கவில்லை. நம் வீட்டுக்குக் கூப்பிடாதே, வதனி ஒட்டுக்கேட்பாள். நூர்ஜானிடம் மன்னிப்புக் கேட்டு அவள் வீட்டு எண்ணை வாங்கி மறுபக்கம் எழுதியிருக்கிறேன், அதில் கூப்பிடு. நாளை வதனியை டாக்டரிடம் இழுத்துக்கொண்டாவது போவேன். போனால் விளையாட்டை நிறுத்திவிடுவீர்கள் என்று இப்போதே கத்துகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, சுகிர்தா.

முருகன் உன்னை நோய்நொடியின்றிக் காக்கட்டும். ஒன்று மட்டும் சொல். அன்று உன்னைத் திரும்பச் சாப்பிட வைத்தவர் யார்? அவர் என்ன சொன்னார்? அதை அப்படியே எழுது. ஆங்கிலமானாலும் பரவாயில்லை, மனப்பாடம் செய்து அவளிடம் சொல்கிறேன்.

உன் அம்மா,
கனகேஸ்வரி