நடுக்கூடத்துத் தரை

மார்ச் 4

என் வாயாடிக்கு,

நான் நலம். நீயும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் எரிந்து விழுகிறேன். நமக்குக் கடிதம்தான் சரி.

புது ஆஸ்பத்திரியின் தரை வேலை முடிந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மந்திரி பேசியதை மேஸ்திரி எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். வெளியிலிருந்து வந்தவர்கள் கை படாத கட்டடமே இங்கே இல்லையாம். நாங்கள் மட்டும் வராவிட்டால் இந்த நாடு பாதியிலேயே நின்றுபோயிருக்குமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மை யார் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்?

ஒரு விஷயம், கோபப்படாதே. அடுத்து விமான நிலைய வேலை வந்திருக்கிறது. நடுவில் ஊருக்கு வந்தால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். நான் வரும்வரை நம் வீட்டு நடுக்கூடத்துத் தரையில் யாரையும் கை வைக்க விடாதே. ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் போட்டவன் வீட்டில் இன்னொருத்தன் வந்து போட்டால் எனக்கு என்ன மரியாதை?

உன்
டைல்ஸ்காரன்

மார்ச் 27

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் மந்திரி நல்ல மனுஷராகத்தான் இருப்பார். அடுத்த முறை பார்த்தால், நம் வீடும் பாதியிலேயே நிற்கிறது என்று சொல்லுங்கள்.

நன்றி கெட்டவள் என்று நினைக்காதீர்கள். சுவர், கூரை, குட்டியின் படிப்பு எல்லாமே உங்கள் உழைப்பு. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் போன தடவை நீங்கள் வாங்கி அடுக்கிய டைல்ஸ் பெட்டிகள் இன்னும் சுவரோரம் அப்படியே இருக்கின்றன. குட்டி அவற்றின்மேல் உட்கார்ந்துதான் பரீட்சைக்கெல்லாம் படித்தாள். சிமெண்ட் தரை பெயர்ந்து, பெருக்கப் பெருக்க மண் வருகிறது.

குட்டிக்கு நல்ல இடம் வந்திருக்கிறது. அவளுக்கும் பிடித்திருக்கிறது. ஜூனில் பையன் வீட்டார் வருகிறார்கள். பத்து நாள் லீவு போட்டு வந்து தரையைப் போட்டுவிட்டுப் போங்கள். தரைக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாயாடி

மே 19

என் வாயாடிக்கு,

மானேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். என்னைப் போல மட்டம் பார்க்கிற ஆள் கிடையாது, இப்போது விட முடியாது என்கிறார். பெருமையாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு கழிவறைக்குள் போய் அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். வந்ததும் முதல் வேலை நம் நடுக்கூடம்தான். பையன் வீட்டாரை ஒரு பாய் விரித்துச் சமாளி. உனக்கா சொல்லித் தர வேண்டும்?

உன்
டைல்ஸ்காரன்

ஜூன் 30

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பையன் வீட்டார் வந்தார்கள். நீங்கள் சொன்னபடி பாய் விரித்தேன். பையனின் அம்மா உட்காரும்போது பாய் நழுவி, பெயர்ந்த சிமெண்டில் முழங்கை சிராய்த்துவிட்டது. தங்கமான மனுஷி, தானே துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது, "அப்பா டைல்ஸ் வேலைதானேம்மா பண்றாரு?" என்று குட்டியிடம் கேட்டார். குத்திக் காட்டவில்லை, சும்மாதான் கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி. ஆனா எங்க வீட்டுக்கு இல்ல" என்றாள் குட்டி. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் நானே ஒரு டைல்ஸ்காரரைக் கூட்டி வந்தேன். அவரும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்தான், நம் பேச்சு அரைகுறையாகத்தான் வருகிறது. பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்களாம். அவர் வீட்டுத் தரையை யார் போடுவார்களோ, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வாசலோரம் ஒரே ஒரு கல்லை மட்டும் போடாமல் விடச் சொன்னேன், என் வீட்டுக்காரர் வந்து போடுவார் என்று. அவர் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இடம் விட்டா சுத்தி கல்லு எல்லாம் ஆடும் அம்மா. கொஞ்ச நாள், எல்லாம் வெளிய வரும்."

நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன். "அப்போ அதையும் போட்டுடுங்க" என்றேன்.

தரை நன்றாக வந்திருக்கிறது. மட்டமும் சரியாக இருக்கிறது. கல்யாணத்துக்கு வாருங்கள். லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இனி இங்கே உங்களுக்கென்று எந்த வேலையும் பாக்கி இல்லை.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா