தகரக் குழாயில் வந்த முனகல்

14 மே 1974, செவ்வாய்

இரும்புலியூர் பங்களாவில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாளுக்காகத்தான் ஏ.சி. கேட்டார்கள். அவர் அறை ஜன்னலில் ஒரு பெட்டி மாட்டியிருந்தால் போதும். நான்தான் அவருடைய மகனிடம், "டக்ட் போட்டா வீடு முழுக்க ஜில்லுனு இருக்கும் சார்" என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அறைக்கு அறை தகரக் குழாய் இழுத்தோம்.

இன்று மகன் கூப்பிட்டனுப்பினார். ஹாலில் போய் நின்றால், குளிர்காற்றோடு அம்மாளின் முனகலும் குழாய் வழியாக வருகிறது. பக்கத்தில் படுத்து முனகுவது மாதிரி கேட்கிறது.

"நாலு பேர் வந்தா சங்கடமா இருக்கு. அவங்க ரூமை மட்டும் அடைச்சிடுங்க."

"அம்மாவுக்குக் காத்து வராதே சார்?"

"ஃபேன் இருக்குல்ல."

ஏணி போட்டு ஏறி, அம்மாளின் தலைக்கு மேலிருந்த குழாயின் வாயில் தகட்டை இறுக்கிப் பஞ்சையும் அடைத்தேன். அம்மாள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரிப்பேராப்பா? இனிமே நல்லா வருமா?"

"வரும்மா" என்றேன்.

இதை எழுதும் என் அறையும் புழுங்குகிறது. எழுந்துபோய் ஃபேனைப் போடக் கை வரவில்லை.