என் இடத்துக்கு ஒரு ஆள்

அரேகிப்பா

அன்புள்ள அம்மாவுக்கு மரிலுஸின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? ஆயாவிரியில் இப்போது பனி கொட்டும். விடியற்காலையில் அல்பாக்காக்களை ஓட்டிக்கொண்டு நீ போகாதே, தம்பி போகட்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். முதல் கணிதத் தேர்வில் வகுப்பில் பாதிப் பேர் ஃபெயில். நானும்தான், திட்டாதே. எங்கள் துறைத் தலைவர் நெலிடா மேடம், ஃபெயிலானவர்களைச் சேர்ந்து படிக்க மேசைக்கு மூன்று பேராக உட்காரவைத்து, அவர்களிலேயே ஒருவரைத் தலைவராக்கிவிடுவார். எங்கள் மேசைக்கு நான். சுரங்கப் பொறியியல் எனக்கு ஒத்துவராது, ஊருக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லப் போனேன்.

"தாராளமா போ. உன் இடத்துக்கு ஒரு ஆளைப் பிடிச்சுக் கொடுத்துட்டுப் போ," என்றார்.

மேசைக்காரன் வில்பரைக் கேட்டேன். "நானே மூட்டை கட்டிட்டேன், என்கிட்ட வந்து கேக்கறியே!" என்றான். மேசையின் மூன்றாவது ஆள் ஃப்ளோரும் அதே பாட்டு. அவர்களும் போய்விட்டால் நான் ஆளுக்கு எங்கே போவேன்? இருவரையும் கெஞ்சி, கணக்குச் சொல்லிக்கொடுத்து நிறுத்திவைத்தேன். சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று நானும் படித்தேன். இரண்டாம் தேர்வில் மூவரும் பாஸ்!

நேற்று மேடம் என்னை வாசலில் மடக்கினார். "என்ன, ஆள் கிடைச்சாச்சா?"

"இன்னும் தேடிட்டிருக்கேன் மேடம்."

"மெதுவா தேடு, அவசரமில்ல."

எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் சிரித்துவைத்தேன்.

பஸ்ஸில் பாலாடைக்கட்டி அனுப்பு, மூன்று பேருக்கு. வகுப்புக்கு ஓட வேண்டும். இங்கே வெயில் அதிகம் என்று சாக்குச் சொல்லிப் போன மாதம் என் போர்வையை ஊருக்கு அனுப்பினேனே, அதையும் கூடவே வைத்துவிடு அம்மா. குளிர்காலம் முழுக்க இங்கேதான் இருப்பேன்.

உன் மரிலுஸ்