கூராற்று ஓடத்தின் ஏழாம் பலகை

கூராற்றின் இருகரையும் தம் குடைநிழலில் காக்கும் கோ நெடுவேலனார் திருமுன்பு, கரும்பாறைத்துறை ஊர்ச்சபைத் தலைவனும் உப்பு வாணிகன் கொற்றன் மகனுமாகிய அடியேன் பொன்னடியான் பணிந்து விடுக்கும் ஓலை. அரண்மனையில் யாவரும் நலமாக இருப்பாராக. இங்கே என் முழங்கால்கள் நீங்கலாக யாவும் நலம்.

ஊருக்கு உரிய ஓடத்தைத் தங்கள் மைத்துனர் பூவரையரிடம் ஒப்படைக்கச் சொன்ன கட்டளையைத் தலைமேல் கொண்டேன். மருத்துவர் வீடு அக்கரையில் இருக்கிறது. பூவரையர் கூலி வைத்தால் ஏழையின் நோய் இக்கரையிலேயே நின்றுவிடும். சரக்கின் குறையை வாங்குபவரிடம் சொல்லாதே என்பார் என் தந்தை. தள்ளாத வயதில் அவர் சொல்லை மீறுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், குளம் வெட்டிச் சாலை போட்ட இறுமாப்பில், வீட்டுக்கொரு பலகை வாங்கி இவ்வோடத்தைக் கட்டினேன். அவரவர் பலகையில் அவரவர் பெயரைச் செதுக்கவும் விட்டேன். அதுவே நான் செய்த பிழை. அன்றுமுதல் ஓடம் கசிகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பலகை கசிகிறது என்றே முறையிடுகின்றனர். தன் பலகைமேல் தறிகாரச் சடையன் வெற்றிலை துப்பினான் என்று மீன் விற்கும் நல்லாத்தி மூன்று மழைக்காலம் வழக்காடினாள். ஓடம் கட்டிய கயிற்றை அறுத்தவனைக் கேட்டால் ஊர்ச்சொத்துதானே என்கிறான்; அவன் பலகையைத் தொட்டாலோ, அது எங்கப்பன் சொத்து என்கிறான். கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்தது.

தங்கள் கட்டளையை நேற்று சபையில் வாசித்தேன். ஓடத்தைத் தாராளமாகக் கொண்டுபோகட்டும், என் பலகையை மட்டும் பெயர்த்து வைத்துவிட்டுப் போகட்டும் என்றாள் நல்லாத்தி. அக்கா சொல்வதே என் சொல்லும் என்றான் சடையன். அவ்விருவரும் ஒத்துப்போனதை நேற்றுதான் கண்டேன். நூற்றுப் பதினாறு வீட்டாரும் அவ்வாறே சொல்லி எழுந்தனர்.

ஆகவே பூவரையர் வீடுவீடாகச் சென்று இசைவு பெறுவாராக. முதல் வாசல் நல்லாத்தியுடையது. அடித்தட்டின் ஏழாம் பலகை அடியேனுடையது. அது பெயர்ந்தால் மற்றவை மிதக்கா. அதைக் கொடுப்பதற்கில்லை.

களைத்துவிட்டேன். பதவி துறந்து ஊர் முத்திரையை இத்துடன் அனுப்பவே எண்ணினேன். முத்திரையும் ஊர்ச்சொத்துதான், அனுப்ப நீர் யார் என்று நல்லாத்தி தடுத்துவிட்டாள். எனவே அம்முத்திரையையே இட்டு, தங்கள் மறுமொழி வரும்வரை துறைக்காவலனுக்கு ஆணையிடுகிறேன்: ஓடம் நாளையும் கூலியின்றிக் கடக்கும். கூராறு ஓடும்வரை கோவின் குடை நிற்க.