சன்னலில் வைத்த போத்தல்

இன்று காலை தேங்காயெண்ணெய் உறைந்து கிடந்தது. மூன்று நாளாக விடாத மழை, கூதல் அறைக்குள்ளேயே குடியேறிவிட்டது. போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டும் இறங்கவில்லை. பழக்கம் விடுமா? சன்னற்கட்டில் வைக்கக் கை தானாகப் போய்விட்டது. பாதி வழியில் நின்றேன். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்து உமக்கு இதை எழுதுகிறேன்.

நீர் கண்ணை மூடி வருகிற மாசியோடு ஒரு வருஷம். நான் அதே அறையில்தான் இருக்கிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த மேல்மாடி அறை, அதே கம்பி போட்ட சன்னல். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் இங்கிருந்து தெரியும். "உதுகள் எல்லாம் ஒருநாள் வெளிக்கிட்டுப் போயிடும், நாங்கள்தான் இதுக்குள்ள" என்பீர். அப்போது அது பகிடி. நீர் திரியாயில் இருந்து வந்த இரசாயனவியல் ரீச்சர், நான் மனையியல் ரீச்சர். சமைக்கத் தெரிந்தது மட்டும் உமக்கு.

உமக்கு வெளிக்கிட வழி கிடைத்தது. லீவு விட்டால் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு ஓடி, சிலிக்கன் அணுக்களைச் சங்கிலியாகக் கோர்த்து ஒரு பல்பகுதியம், அதுதான் பொலிமர், செய்துகொண்டிருந்தீர். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று, அதைக் கொண்டுவந்து காட்டினால் இடம் தருவோம் என்று எழுதியிருந்தது. தலை பின்னியபடியே அதன் கதையை எனக்குச் சொல்வீர். முதன்முதலில் செய்தவர்களுக்கு எதிலும் கரையாத, உருகவும் மாட்டாத தூள்தான் கிடைத்ததாம். பூசவும் ஏலாது, நூலாய் இழுக்கவும் ஏலாது என்று நெடுங்காலம் மூலையில் போட்டுவிட்டார்களாம். சங்கிலிகள் நெருக்கியடித்து அடுக்கிக் கிடந்ததுதான் வினை. பிறகு ஒவ்வொரு சிலிக்கனிலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு அணுக்குழுக்களைத் தொங்கவிட, அடுக்குக் குலைந்து கரைந்தது. கரைந்த பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது என்பீர். மெல்லிய படலமாய்ப் பூசலாம். இந்த இனத்தில் சிலதை நூலாக்கிச் சூளையில் சுட்டால், நெருப்புக்கும் அசையாத நூல் ஆகும். ஒளி பட்ட இடத்தில் சங்கிலி அறும், அந்த இடத்தைக் கழுவி எடுத்துவிட்டு நுண்ணிய மின்சுற்றுகளை வரையலாம். ஒளியைப் பற்றிய இந்தக் கதையை நான் நித்திரையான பிறகு சொல்லியிருப்பீர். எனக்கு அது அப்போது காதில் விழவில்லை, பிறகு உமது குறிப்புக் கொப்பியில்தான் வாசித்தேன்.

மாரி காலத்தில் ஒருநாள் விசா அலுவலாய்க் கொழும்புக்குப் போனீர். அந்தப் பல்பகுதியம் கரைசலாய், கறுப்புக் கடதாசி சுற்றிய போத்தலில் அலுமாரிக்குள் இருந்தது. மூடியைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர். நான் திறக்கவில்லை. கடதாசியை விலக்கித்தான் பார்த்தேன். உள்ளே தேன்போலத் தடித்து, சரித்தாலும் சோம்பேறித்தனமாய் அசைந்தது. ஐயோ, கூதலுக்கு உறைகிறதே என்று எனக்குப் பதைப்பு. எண்ணெய்க்குச் செய்கிறதைத்தான் செய்தேன். மழை விட்டு வெயில் எறித்த பகல் முழுக்கச் சன்னலில் வைத்தேன். பின்னேரம் தண்ணீர்போல ஓடியது. நல்ல காரியம் செய்தேன் என்ற சந்தோஷப் புளுகத்தோடு கடதாசியைத் திரும்பச் சுற்றி வைத்தேன்.

நீர் வந்து போத்தலைச் சரித்துப் பார்த்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நீளச் சங்கிலி என்றால் தடிப்பாக இருக்கும், அறுந்தால்தான் இப்படி ஓடும் என்று முணுமுணுத்தீர். பிறகு என் பக்கம் திரும்பினீர்.

"வெளியில எடுத்தனீரே?"

"இல்லை. நான் தொடேல்லை."

பச்சைப் பொய். பயத்தில் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு உமது முகத்தைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது. இருட்டிலேயே அறுந்திருந்தால் பிழை உமது செய்முறையில்தான் என்று நீர் முடிவு கட்டினீர். "தானா அறுகிற சங்கிலியக் கொண்டுபோய் என்னத்தைக் காட்ட?" என்று கேட்டு, வர முடியாது என அந்த ஆய்வுகூடத்துக்கு எழுதிவிட்டீர். இடம் வேறு யாருக்கோ போனது. அதன் பிறகு நீர் லீவில் எங்கும் ஓடவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் அறை, அறை விட்டால் பள்ளிக்கூடம். அந்தச் சன்னலடியில் கதிரையைப் போட்டுக் கொப்பி திருத்துவீர். நான் குசினியில் நின்று உமது முதுகைப் பார்ப்பேன்.

வருஷங்கள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில், நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்க, ஏதோ கடைக்கதை சொல்கிறமாதிரிச் சொன்னீர். "அடுத்த மாரியில உம்மட எண்ணெய்ப் போத்தலைச் சன்னல்ல கண்டனான். அண்டைக்கே விளங்கிட்டுது, ஆனா இடம் அதுக்கு முன்னமே போயிட்டுது. வெயில்ல வச்சதுக்கு நான் கோவிக்கேல்லை. கேட்ட நேரம் நீர் ஓம் எண்டிருந்தா, பிழை என்ர கையில இல்லை எண்டு தெரிஞ்சிருக்கும். திரும்பச் செய்திருப்பன்."

அத்தனை வருஷம் தெரிந்துகொண்டே என்னோடு ஒரே பானையில் சாப்பிட்டிருக்கிறீர். அப்போதும் நான், கதைத்தால் களைக்கும், பேசாமல் படுத்திரும் என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். நீர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர். நாலாம் நாள் போய்விட்டீர்.

இடமாற்றம் கேட்டு இரண்டு தரம் விண்ணப்பம் எழுதிக் கிழித்துவிட்டேன். எங்கே போனாலும் இந்த அறையும் என்னோடு வரும். உமது போத்தல் அலுமாரியில் கறுப்புக் கடதாசிக்குள் அப்படியே இருக்கிறது. எண்ணெய் இளகவில்லை. தலைக்கு வைக்காமலே பள்ளிக்கூடம் போகப் போகிறேன். மழை விட்டிருக்கிறது, சன்னற்கட்டில் வெயில் விழுகிறது. நீர் அன்று நின்று கேட்ட இடத்தில் நிற்கிறேன்.

ஓம். நான்தான் எடுத்தனான்.