ஞாயிற்றுக்கிழமைப் பதிவு

அன்பு மிளகுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம், தம்பியும் நலம், உடம்பைப் பொறுத்தவரை அது முழு உண்மை, மற்றதைப் படிக்கப் படிக்கத் தெரிந்துகொள்வாய். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. ஃபோன் இருக்கும்போது கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய், இது ஃபோனில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. உன் அம்மாவுக்கும் இன்னும் தெரியாது. அவள் நீ வருகிறாய் என்று உன் அலமாரிக்குப் புதுச் சாயம் அடிக்க வைத்து, தம்பி கல்யாணத்துக்கு வருகிறவர்கள் யாரும் அந்த அறையில் படுக்கக் கூடாது என்று இப்போதே சட்டம் போட்டிருக்கிறாள்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் நான் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியது உனக்குத் தெரியும். அந்தப் பழைய பதிவேடுகளை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அலுவலகம் மூடியிருந்த நாட்களில் எழுதிய பதிவுகளை அது தனியாகப் பிரித்துப் பட்டியல் கொடுத்திருக்கிறது, நாற்பத்தோரு பேர். விடுமுறை நாளில் எழுதியது என்றால், எல்லை தாண்டி வந்தவர்களுக்காகப் பின்னால் யாரோ செருகிய பொய்ப் பதிவு என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். சிலது அப்படித்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். போன மாதம் என் பழைய பக்கத்து மேசைக்காரர் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, காய் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டு, சார் உங்க பொண்ணு பேரும் அதுல இருக்கு, நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்றார். எடுத்த தக்காளியைத் திரும்பப் போட்டுவிட்டு வெறும் பையோடு போய்விட்டார்.

தப்பு என்னுடையது. நீ பிறந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை புதுப் பதிவேடு திறக்கப்போகிறோம், முதல் எண் உனக்குத்தான் என்று எனக்கு ஒரு கிறுக்கு. ஆனால் அதே வாரம் பிள்ளை பிறந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் திங்கட்கிழமை கதவு திறக்கும்போதே வந்து நிற்பார் என்று தெரியும். சாவி என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்த் திறந்து, பேனாவில் புது மை ஊற்றி, முதல் வரியில் உன்னை எழுதினேன், அந்த அலுவலகத்தில் நான் அவ்வளவு அழகாக வேறெதையும் எழுதியதில்லை. பதிவு செய்த தேதி போடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன். திங்கட்கிழமை என்று போட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே கிடையாது. ஊரார் வரியில் பொய்த் தேதி போடாதவன் சொந்தப் பெண்ணின் வரியிலா போடுவது என்று உள்ளதையே போட்டேன். உன் பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா எல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கின்றன. ஆஸ்பத்திரிப் பதிவையாவது காட்டலாம் என்று போனேன், அந்த வருடத்துக் கட்டு முழுவதையும் கரையான் அரித்து, அள்ளிக் கொட்டிவிட்டார்களாம்.

கடைத்தெருத் தையல்காரரை உனக்கு நினைவிருக்கும், உன் பள்ளிச் சட்டைக்கு எப்போதும் ஒரு கையை நீளமாகத் தைப்பாரே, அவரும் பட்டியலில் இருக்கிறார். விசாரணைக்குக் கூப்பிட்டு அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள், போனார், மூன்று வாரமாகக் கடை பூட்டியிருக்கிறது. அவர் மனைவி தினமும் அலுவலகப் படியில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள், யாரைக் கேட்டாலும் எங்க கையில இல்லம்மா என்கிறார்களாம். பாதி தைத்த சட்டை மெஷினிலேயே கிடப்பது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. நான் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நம் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நெட்டை, சிரித்த முகமாகப் பேசினார், மற்றவர் வாயே திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். என் பென்ஷன் விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உன் அம்மா டீ போட்டுக் கொடுத்து, பொண்ணு பன்னெண்டாம் தேதி வர்றா, ரெண்டு வருஷம் கழிச்சு வர்றா என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். எழுதுகிறவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், என்னிடம் அந்தப் பழைய வரியைப் பத்துத் தடவை எழுதிக் காட்டச் சொன்னார்கள். என் கை இப்போது நடுங்குகிறது, பத்தில் ஒன்றுகூட அன்றைய எழுத்துபோல வரவில்லை. நெட்டையர் தாளை மடித்து வைத்துக்கொண்டு, பரவாயில்ல ஐயா, பொண்ணு வந்ததும் பாஸ்போர்ட்டோட ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும், சும்மா ஒரு பார்வைக்குத்தான் என்றார். மிளகு, இதே வார்த்தையை நானே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர்கள் நம்பிக் கொடுத்த காகிதங்களை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவோம் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே நீ வராதே. டிக்கெட்டை ரத்து செய். விசா நீட்டிக்க இன்னும் நாள் இருக்கிறது என்று சோம்பிக் கிடக்காமல், ஒரு நல்ல வக்கீலைப் பிடித்து ஒன்றையும் மறைக்காமல் சொல், இங்கே உன் பதிவை ரத்து செய்து உத்தரவு போடுவதற்குள் அங்கே ஏதாவது வழி பிறக்கட்டும். எல்லாக் காகிதத்துக்கும் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வை, உன் வழக்கப்படி மெத்தைக்கு அடியில் செருகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. தம்பியிடம் பக்குவமாக நான் சொல்லிக்கொள்கிறேன், அம்மாவிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை, சாயம் இன்னும் காயக்கூட இல்லை. இதைப் பஸ்ஸில் பக்கத்து ஊர் வரை போய் அங்கே தபாலில் போடப்போகிறேன். மேலே தேதி போடவில்லை, தேதி போட்டுப் பட்டது போதும்.

நீ நெடுங்காலம் நிம்மதியாக, நீ யார் என்று ஒருவரும் வந்து கேட்காத இடத்தில் வாழவேண்டும், அதுதான் அப்பாவின் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே. ஒன்பதாம் தேதி என்னை அலுவலகத்துக்கு வந்து, அவர்கள் முன்னால் உன்னோடு ஃபோனில் பேசச் சொல்லியிருக்கிறார்கள், நீ கட்டாயம் வருகிறாய் என்று தெரிந்துகொள்ளவாம். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்கு உன்னைப் பதிவேட்டில் உள்ள பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். உள்ளங்கைக்குள் அடங்கிய நாளிலிருந்து உன்னை மிளகு என்றே கூப்பிட்டவன், அந்தப் பெயரை எழுதியதோடு சரி, என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அது காதில் விழுந்தால் என் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் நம்பாதே, அம்மாவுக்கு முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்று நான் அழுதாலும் நம்பாதே. சரிப்பா வர்றேன் என்று சொல்லிவிட்டு, ஃபோனை வைத்துவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா